“சரி” என்ற சொல்லுக்குச் சான்று
பணப் பட்டுவாடா ஒப்பந்த வழக்குகளில் கைபேசிச் செய்தி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வணிகச் சட்டத்தில் ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பெரிய கம்பெனிகளின் இணைப்பு, பங்குச் சந்தை விதிகள் என்று எத்தனையோ இருக்க, கடைக்காரரின் சட்டைப் பையில் கிடக்கும் கைபேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்று நம் ஊர்களில் வியாபாரம் அதில்தான் பேசி முடிக்கப்படுகிறது. வழக்கு என்று வரும்போது அந்தப் பேச்சு கையில் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை, எப்படி நிற்க வைக்கலாம் என்பதே என் உரை.

1. எக்ஸ்சேஞ்சில் போன கைபேசி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளி வியாபாரி என்னிடம் வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்பவர். வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி இவர் வங்கிக் கணக்கில் சேர்க்க ஒரு பணப் பட்டுவாடா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். ஒப்பந்தம் 19 பக்கம். கணினித் திரையில் “ஒப்புக்கொள்கிறேன்” என்று ஒரு முறை தட்டியதோடு அது முடிந்தது. அதன் பிறகு நடந்த பேச்செல்லாம் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியோடு கைபேசியில்தான்.

கமிஷனை நூற்றுக்கு 2 ரூபாயிலிருந்து 1.80 ஆகக் குறைப்பதாக அதிகாரி எழுதினார். குறைக்கப்படவில்லை. பண்டிகைக் காலத்தில் விற்பனை ஏறியது. “புகார்கள் கூடியிருக்கின்றன” என்று சொல்லி 11 லட்சம் ரூபாயை நிறுவனம் நிறுத்தி வைத்தது. “பயப்படாதீங்க சார், தீபாவளிக்குள்ள ரிலீஸ் பண்ணிடலாம்” என்று அதிகாரியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. நெசவாளருக்குக் கொடுக்க வேண்டிய கூலிக்கு அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார்.

“செய்திகள் இருக்கின்றனவா?” என்று கேட்டேன். நம்பிக்கையோடு ஓர் உறையை நீட்டினார். உள்ளே 23 ஸ்க்ரீன்ஷாட்களின் அச்சுப் பிரதிகள். “அந்தக் கைபேசி?” என்றேன். “அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு வாங்கிட்டேனே சார்.”

அந்த உறையைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் மாறவில்லை. பொய் சொல்லாத மனிதர், தன் உண்மையின் ஒரே சாட்சியைத் தன் கையாலேயே விற்றுவிட்டு வந்து நின்றார்.

2. பணம் வரும் வழி

வழக்கின் தன்மை புரிய, பணம் வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் அட்டையில் கட்டும் பணம் நேரே கடைக்காரரிடம் வருவதில்லை. அட்டை தந்த வங்கி, அட்டை வலையமைப்பு, கடைக்காரர் பக்கத்து வங்கி, இடையில் பேமென்ட் அக்ரிகேட்டர் எனப்படும் பட்டுவாடா நிறுவனம் என்று பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதிதான் செட்டில்மென்டாக வந்து சேரும்.

வங்கியல்லாத அக்ரிகேட்டர்கள் இந்தப் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. வணிக வங்கி ஒன்றில் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று வெளியிட்ட நெறிமுறை. ஆனால் பொருள் வரவில்லை, ஏமாற்று என்று வாடிக்கையாளர் தன் வங்கியிடம் முறையிட்டால் பணம் பின்னோக்கிப் போகும். இதுதான் சார்ஜ்பேக். விற்பனை முடிந்து மாதங்கள் கழித்தும் இது வரலாம். அந்த நட்டம் தன் தலையில் விழாதிருக்க, கடைக்காரர் பணத்தில் ஒரு பகுதியை ரிசர்வாகப் பிடித்து வைக்கும் உரிமையை நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறது. அது நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு பிடிப்பது, எத்தனை நாள் வைப்பது, எப்போது விடுவது என்பதில்தான் தகராறு. அந்த மூன்றும் நாள்தோறும் கைபேசியில் பேசப்படுகின்றன. ஒப்பந்தத்தில் எழுதியது ஒன்று, செய்தியில் சொன்னது வேறொன்று என்று ஆகிவிடுகிறது.

3. பேச்சா, எழுத்தா?

நம் ஒப்பந்தச் சட்டம் 1872-இல் பிறந்தது. தந்தியும் தபாலும் அதற்குத் தெரியும், தொலைபேசி தெரியாது. 1965-இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அகமதாபாத்துக்கும் காம்காவுக்கும் இடையே தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்குப் பேரம் முடிந்தது. ஒப்பந்தம் எந்த ஊரில் உருவானது என்பது கேள்வி. சம்மதச் சொல் காதில் விழுந்த ஊரில்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி ஹிதாயதுல்லா மாறுபட்டார். கருவி புதிது, கேள்வி பழையது: சம்மதம் எப்போது, எங்கே, யாரால் தரப்பட்டது?

கைபேசிச் செய்தி இந்தக் கேள்வியை இன்னும் சிக்கலாக்குகிறது. அது எழுத்து, ஆனால் பேச்சின் அவசரத்தோடும் நெருக்கத்தோடும் எழுதப்படுகிறது. 2020 ஜனவரியில் அம்பாலால் சாராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. குஜராத்தில் ஒரு நில விற்பனை பற்றிய வழக்கு அது. வாட்ஸ்அப் செய்திகள் ஏறக்குறைய வாய்மொழிப் பேச்சைப் போன்றவை. அவற்றின் பொருளையும் உள்ளடக்கத்தையும் முதல் விசாரணையிலும் குறுக்கு விசாரணையிலும் நிரூபிக்க வேண்டும். மின்னஞ்சல்களையும் செய்திகளையும் சேர்த்துப் படித்தே ஒப்பந்தம் முடிந்ததா என்று முடிவுகட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். சேர்த்துப் படிப்பது என்பதை மனத்தில் வையுங்கள். என் உரை முழுதும் அந்த இரண்டு சொற்களைச் சுற்றியே இருக்கும்.

பட்டுவாடா நிறுவனத்தின் முதல் தடுப்பு எப்போதும் ஒன்றுதான்: “இந்த ஒப்பந்தத்தை இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தால் மட்டுமே மாற்றலாம் என்று பிரிவு இருக்கிறது, கைபேசிப் பேச்சு எங்களைக் கட்டாது.” இது வலுவான வாதம். ஆனால் முடிவான வாதம் அன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 4-இன்படி, எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கும் இடத்தில், பின்னர் எடுத்துப் பார்க்கக் கூடிய மின்னணு வடிவமும் எழுத்தாகவே ஏற்கப்படும். 10-ஏ பிரிவு, மின்னணு முறையில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஒரே தட்டலில் 19 பக்க ஒப்பந்தம் செல்லும் என்று வாதிட நிறுவனத்துக்கு உதவும் அதே சட்டம், கடைக்காரருக்கு அனுப்பிய செய்திக்கும் காது கொடுக்கத்தான் வேண்டும்.

4. சான்றிதழின் கதை

நீதிமன்றம் செய்தியை ஏற்க ஒரு வாசல் உண்டு. அது சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு அதைக் கேட்டது. அந்தப் பிரிவு பட்ட பாடு ஒரு தனிக் கதை.

2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கு வந்தது. கேரளத் தேர்தல் ஒன்றில் ஒலித்த பாட்டுகளும் பேச்சுகளும் குறுந்தகடுகளில் படியெடுத்துத் தாக்கல் செய்யப்பட்டன, சான்றிதழ் இல்லை. ஏற்க முடியாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2018-இல் ஒரு தீர்ப்பு மறுபடி தளர்த்தியது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிதராவ் வழக்கில் நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு கயிற்றை இறுக்கிக் கட்டியது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா தொகுதியில் வேட்புமனு நேரம் கடந்து வாங்கப்பட்டதா என்ற வழக்கு அது. ஆதாரம் தேர்தல் அலுவலகத்துக் காணொளி. பல முறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை.

அந்தத் தீர்ப்பு மூன்று விஷயங்களைத் தெளிவாக்கியது. ஒன்று, படிக்குச் சான்றிதழ் கட்டாயம். இரண்டு, மூலக் கருவியையே உரிமையாளர் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவந்து, இது என்னுடையது, இதை நான்தான் இயக்குகிறேன் என்று சொன்னால் சான்றிதழ் வேண்டாம். மூன்று, எதிர்த்தரப்போ அலுவலகமோ சான்றிதழ் தர மறுத்தால் நீதிமன்றத்திடம் உத்தரவு கேட்கலாம். முயன்ற எல்லாம் முயன்றும் கிடைக்காதவரைச் சட்டம் தண்டிக்காது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. 65-பி இப்போது பிரிவு 63. ஸ்மார்ட்ஃபோனில் உள்ள செய்திகளும் ஆவணம்தான் என்று சட்டத்தின் விளக்க எடுத்துக்காட்டே சொல்லிவிட்டது. சான்றிதழுக்கு அட்டவணையில் படிவம் உண்டு. முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பின் விரல்ரேகை என்று அதை எண்ணிக்கொள்ளுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும்.

சிறு வணிகருக்கு இது பாரம் என்று சிலர் சொல்கிறார்கள். நிபுணரைத் தேடுவதும் கட்டணம் கொடுப்பதும் பாரம்தான்; மாவட்டத் தலைநகரங்களிலாவது நியாயமான கட்டணத்தில் இந்த உதவி கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். ஆனால் சான்றிதழின் நோக்கத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்தே நிமிடத்தில் பொய்யாகத் தயாரிக்கலாம். ஓர் எண்ணுக்கு வேறு பெயர் கொடுத்துச் சேமித்தால், யாரோ அனுப்பிய செய்தி யாரோ ஒருவர் பெயரில் நிற்கும். அந்தப் பொய்யிலிருந்து நிறுவனத்தைக் காக்கும் அதே வேலிதான் நாளை உங்கள் பெயரில் வரும் பொய்யிலிருந்து உங்களையும் காக்கும்.

5. செய்தி எங்கே இருக்கிறது?

“வாட்ஸ்அப் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாமே சார்” என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. 2016 ஏப்ரல் முதல் அதன் செய்திகள் இரு முனைகளுக்கு இடையே மறையாக்கம் செய்யப்படுகின்றன. போய்ச் சேர்ந்த செய்தியின் வாசகத்தை அந்த நிறுவனம் வைத்திருப்பதில்லை. சாதாரண குறுஞ்செய்தியிலும், யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற பதிவு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சில காலம் இருக்கும். என்ன எழுதினார் என்பதற்கு அதை நம்ப முடியாது. ஆகவே செய்தியின் முதன்மையான வீடு இரண்டு: அனுப்பியவர் கைபேசி, பெற்றவர் கைபேசி.

அந்த வீடுகளும் உறுதியானவை அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லார் கைபேசியிலிருந்தும் அழிக்கும் வசதி 2017-இல் வந்தது. தானே மறையும் செய்தி 2020-இல் வந்தது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தும் வசதி 2023-இல் வந்தது. உரையாடலை ஏற்றுமதி செய்தால் கிடைப்பது வெறும் எழுத்துக் கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அதனால்தான் கருவியை விடாதீர்கள் என்று மன்றாடிச் சொல்கிறேன்.

நம் ஜவுளி வியாபாரிக்கு என்ன ஆயிற்று? கடையில் கணக்கு எழுதும் அம்மா ஒருவர் இருந்தார். நிறுவன அதிகாரி தொடங்கிய குழுவில் வியாபாரியோடு அவரும் உறுப்பினர். திரை உடைந்த தன் பழைய கைபேசியை அவர் மாற்றவே இல்லை. பதினான்கு மாதப் பேச்சு ஒரு வரி குறையாமல் அதில் இருந்தது. தேதி இருந்தது, எண் இருந்தது, குழுவில் நிறுவனத்தின் மேலதிகாரி சேர்க்கப்பட்ட நாளும் இருந்தது. அவர் சாட்சி சொல்லத் தயாரானார்.

6. “சரி” என்றால் என்ன?

முழுப் பேச்சையும் அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். வியாபாரி கொடுத்த 23 படங்களில் இல்லாத ஒரு வரி கண்ணில் பட்டது. “ரிஸ்க் டீம் சொல்லுது சார், 15% ரிசர்வ் பிடிக்கணும்” என்று அதிகாரி எழுதியிருந்தார். வியாபாரி ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தார்: “சரி.”

மறுநாள் கேட்டேன். “நான் ஒத்துக்கலை சார். சொன்னது காதுல விழுந்ததுன்னு போட்டேன்.” பொய் சொல்லவில்லை அவர். தமிழில் “சரி” என்பது சம்மதமாகவும் இருக்கலாம், கேட்டேன் என்பதாகவும் இருக்கலாம், பேச்சை முடித்துக்கொள்வோம் என்பதாகவும் இருக்கலாம். “பண்ணிடலாம்” என்பதும் அப்படித்தான். உறுதிமொழியா, ஆறுதலா என்பது சொல்பவர் குரலில் இருக்கும். கைபேசிச் செய்தியில் குரல் இல்லை. “பார்க்கலாம்” என்பது நம் ஊரில் பல நேரம் மறுப்பு. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் ஏற்றும்போது நம்பிக்கை தரும் வாக்காகிவிடக் கூடும். உயர் நீதிமன்றம்வரை போகும் வழக்கில் ஒரு “பண்ணிடலாம்” எப்படி மொழிபெயர்க்கப்பட்டது என்பதில் லட்சக்கணக்கான ரூபாய் தொங்கும். மாணவர்களே, செய்தியின் மொழிபெயர்ப்பை அலுவலக உதவியாளரிடம் விட்டுவிடாதீர்கள். நீங்களே வரிக்கு வரி பாருங்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021-இல் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, 86 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரல் உயர்த்திய சின்னத்தை அனுப்பினார். விதை வரவில்லை, விலையோ ஏறிவிட்டது. கிடைத்தது என்று சொல்லத்தான் அந்தச் சின்னம், ஒப்புக்கொள்ள அல்ல என்பது அவர் வாதம். நீதிபதி அவர்களுடைய பழைய பேச்சுகளைப் பார்த்தார். முந்தைய ஒப்பந்தங்களுக்கும் ஓரிரு சொற்களில்தான் அவர் பதில் போட்டிருந்தார். பிறகு தானியத்தைக் கொடுத்தும் இருந்தார். எனவே இந்தச் சின்னமும் சம்மதமே என்று 2023 ஜூனில் தீர்ப்பாயிற்று. நட்டஈடு 82,000 டாலருக்கு மேல். 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

அந்த நீதிபதி சின்னத்துக்கு அகராதி தேடவில்லை. இருவரின் பழக்கத்தைப் பார்த்தார். நம் சட்டமும் அதையே சொல்கிறது. உரையாடலின் ஒரு துண்டைச் சாட்சியமாக வைத்தால், அதன் பொருள் முழுதாக விளங்கத் தேவையான அளவு மீதியையும் வைக்க வேண்டும். பழைய சட்டத்தில் அது 39-ஆம் பிரிவு, புதியதில் 33. எங்கள் வழக்கிலும் அப்படியே செய்தோம். அந்த “சரி”யை மறைக்கலாமா என்று வியாபாரி தயங்கிக் கேட்டார். கூடாது என்றேன். பதினான்கு மாதத்தில் அவர் 60 இடங்களுக்கு மேல் “சரி” போட்டிருந்தார். அவற்றுள் பலவற்றுக்கு அடுத்த வரியே எதிர்ப்பு. “சரி. ஆனா இது நியாயமில்லை சார்.” “சரி, யோசிச்சிட்டுச் சொல்றேன்.” அவருடைய “சரி”க்கு என்ன பொருள் என்பதற்கு அவருடைய பேச்சே சாட்சி சொன்னது. மறைத்திருந்தால் அந்த ஒரு சொல் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகியிருக்கும்.

7. யார் வாக்கு?

அடுத்த தடுப்பு: “அந்த அதிகாரி வேலையை விட்டுப் போய்விட்டார். எண் அவருடைய சொந்த எண். அவருக்குக் கமிஷனைக் குறைக்கும் அதிகாரமே இல்லை.” இதற்கு விடை 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 237-ஆம் பிரிவின்படி, தன் முகவருக்கு அதிகாரம் உண்டென்று பிறர் நம்பும்படி முதலாளி தன் சொல்லாலோ நடத்தையாலோ செய்துவிட்டால், அந்த முகவரின் செயல் முதலாளியைக் கட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், அனுப்புநரின் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர் அனுப்பியது அனுப்புநருடையதே என்கிறது. மேலதிகாரி குழுவில் இருந்து படித்தும் மறுக்காதது, அதே அதிகாரி முன்பு எழுதிய கணக்குத் திருத்தம் ஒன்றை நிறுவனம் நிறைவேற்றியது ஆகிய இரண்டையும் முன்வைத்தோம். ஒரு செய்தி தனியாக நிரூபிக்க முடியாததை வங்கிக் கணக்கின் வரவு வரியோடு சேர்ந்து நிரூபித்தது.

பழைய வணிகர்களுக்கு இந்த நீதி தெரியும். ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகம் சாட்சியமாகும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, இன்று 28. பேரேட்டை நம்பிய நீதிமன்றம், பேரேட்டோடு சரக்குச் சீட்டையும் சாட்சியையும் கேட்டது. கைபேசிக்கும் அதே மரியாதை, அதே நிபந்தனை என்பது என் கருத்து.

பெரும்பாலான பட்டுவாடா ஒப்பந்தங்களில் நடுவர் மன்றப் பிரிவு இருக்கும். நடுவர் மன்றத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால் சான்றிதழ் தேவையில்லை என்று அலட்சியம் காட்டுபவர்கள் உண்டு. வாசல் அகலம், ஆனால் நம்பவைக்கும் சுமை அங்கும் குறைவதில்லை.

8. கணக்கர் அம்மாவின் வழக்கம்

எங்கள் வழக்கு சமரசத்தில் முடிந்தது. முழுப் பேச்சும் மேசைக்கு வந்தபின் நிறுவனம் பணத்தின் பெரும்பகுதியை விடுவித்தது. கமிஷன் வித்தியாசத்தையும் திருப்பித் தந்தது. வட்டிக்கு வாங்கிய கடனில் ஏற்பட்ட நட்டம் திரும்பவில்லை. முழு வெற்றி என்று அதை நான் சொல்ல மாட்டேன்.

பட்டுவாடா நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். கமிஷன், ரிசர்வ், விடுவிக்கும் நாள் ஆகிய மூன்றையும் மாற்றும்போது, கடைக்காரர் படிக்கும் மொழியில், நிறுவனத்தின் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் அதிகாரிகளைச் சொந்த எண்ணில் வாக்குக் கொடுக்கவைத்துவிட்டு, வழக்கு வந்ததும் அந்த எண்ணைத் தெரியாது என்று சொல்லாதீர்கள். நாளை வழக்கறிஞர்களாகப் போகும் உங்களுக்கும் ஒன்று சொல்வேன். கட்சிக்காரர் முதல் நாள் வந்ததும் ஒப்பந்தத்தைக் கேட்பதற்கு முன், “கைபேசி எங்கே?” என்று கேளுங்கள். மறையும் செய்தி வசதியை அன்றே அணைக்கச் சொல்லுங்கள். குழுவில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதகமான வரியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அண்மையில் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். உடைந்த கைபேசியைத் துணியில் சுற்றிப் பணப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். புதுக் கைபேசியில் கணக்கர் அம்மா மாலைதோறும் நிறுவனத்தின் அலுவல் முகவரிக்கு ஒரு செய்தி எழுதுகிறார்: இன்று தொலைபேசியில் நீங்கள் சொன்னது இது, நாங்கள் ஒத்துக்கொண்டது இது, ஒத்துக்கொள்ளாதது இது, தவறிருந்தால் நாளைக்குள் சொல்லவும். அன்று அவர் எழுதியதை எனக்குக் காட்டினார். அதில் “சரி” என்ற சொல் எங்கும் இல்லை. “ஏம்மா?” என்று கேட்டேன். “ஒத்துக்கிறோம்னா ஒத்துக்கிறோம்னே எழுதிடுறேன் சார்” என்றார்.